இந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது? மலேரியாக் கிருமியின் மரபணு சொல்லும் செய்தி



ஒரே தெருவில் ஒரே மாதத்தில் மூன்று பேருக்கு மலேரியா என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நாளே தெருவில் தீர்ப்பு வந்துவிடும். "கட்டட வேலைக்கு வந்திருக்கும் வெளியூர்ப் பிள்ளைகள்தான் கொண்டுவந்தார்கள்" என்பார் ஒருவர். "அந்த வீட்டு மாப்பிள்ளை போன மாதம்தான் சபர் முடிந்து வந்தார், அவரிடமிருந்துதான்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் சாக்கடையைக் காட்டுவார். யாரிடமும் ஆதாரம் இருக்காது.

இதை வெறும் தெருப்பேச்சு என்று விட்டுவிட முடியாது. காய்ச்சல் வெளியிலிருந்து வந்ததா, நம் தெருவிலேயே பரவுகிறதா என்பதைப் பொறுத்துத்தான் செய்ய வேண்டிய வேலை மாறுகிறது. வெளியிலிருந்து வந்திருந்தால், பயணம் செய்து வந்தவர்களைப் பரிசோதித்து மருந்து கொடுத்தாலே பெரும்பகுதி முடிந்துவிடும். இங்கேயே பரவுகிறதென்றால் நம் மாடித் தொட்டிகளையும் கிணறுகளையும் பார்த்தாக வேண்டும். கணிப்பு தவறினால் பழி ஒருவர் மேல் விழும். கொசு வேறிடத்தில் பெருகிக்கொண்டிருக்கும்.

இந்தக் கேள்விக்கு இன்று விஞ்ஞானிகள் மலேரியாக் கிருமியின் மரபணுவிடமே பதில் தேடுகிறார்கள். அது எப்படி, அதனால் எந்த ஊர்களில் என்ன தெரியவந்தது, நம் வீட்டுக்கு அதில் என்ன பாடம் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

1. முதலில் அடிப்படை

மலேரியாவை உண்டாக்குவது பிளாஸ்மோடியம் என்னும் ஒட்டுண்ணி. கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர். இந்தியாவில் பெரும்பாலும் இதில் இரண்டு வகைகளைக் காண்கிறோம். ஒன்று வைவாக்ஸ். மற்றது உயிருக்கு அதிக ஆபத்தான பால்சிபாரம். இவற்றைப் பரப்புவது அனாபிலஸ் இனத்துப் பெண் கொசு. கொசுவின் உடலுக்குள் மலேரியாக் கிருமி வளர்வதை ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில் கண்டறிந்தார்.

இந்தப் பாடத்துக்கு ஒரு விவரம் மிக முக்கியம். மனித உடலுக்குள் கிருமி தன்னைத் தானே நகலெடுத்துப் பெருகுகிறது. ஆனால் ஆண், பெண் வடிவங்கள் இணைந்து புதிய தலைமுறை உருவாவது கொசுவின் வயிற்றில்தான். ஆக, மனிதனிடம் நடப்பது நகல். கொசுவிடம் நடப்பது கலப்பு. இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் பின்னால் வரும் எல்லாமே நிற்கிறது.

2. ஒரே பிழை, ஒரே மூலம்

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் முப்பது நோட்டுகளைத் திருத்துகிறார். இரண்டு பிள்ளைகளின் நோட்டில் மட்டும் ஒரே வரியில் ஒரே எழுத்துப் பிழை. அடுத்த பக்கத்திலும் அப்படியே. ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியிருக்கிறார், அல்லது இருவரும் மூன்றாவது நோட்டு ஒன்றைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று ஆசிரியர் உடனே புரிந்துகொள்வார்.

மரபணு ஆராய்ச்சியும் இப்படித்தான். பால்சிபாரம் கிருமியின் முழு மரபணுத் தொகுதி 2002-ல் வாசிக்கப்பட்டு வெளியானது. 14 குரோமோசோம்கள், சுமார் 2 கோடியே 30 லட்சம் 'எழுத்துகள்', சுமார் 5,300 மரபணுக்கள். இதை ஒரு தடித்த நோட்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். எல்லாக் கிருமிகளிடமும் இந்த நோட்டு பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஆங்காங்கே சில இடங்களில் ஒரு கிருமியிடம் ஓர் எழுத்தும் மற்றொன்றிடம் வேறோர் எழுத்தும் இருக்கும்.

ஒவ்வொரு நோயாளியின் கிருமியையும் முழுதாக வாசிக்கப் பணமும் நேரமும் அதிகம் பிடிக்கும். அதனால் வேறுபாடு அதிகம் காணப்படும் 24 இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்த 24 எழுத்துகளை வரிசையாக எழுதிக்கொள்ளும் முறையை ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கினார்கள். கடைப் பொருளின் மேல் இருக்கும் கோடுகளைப் போல அது அந்தக் கிருமியின் அடையாளம். அதனால் அதற்கு 'பார்கோடு' என்றே பெயர்.

இதற்கு வேண்டியது விரல் நுனியிலிருந்து எடுக்கும் சில துளி ரத்தம். அதை வடிதாளில் வைத்து உலர்த்தி, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். ஐஸ் பெட்டி தேவையில்லை. சிறிய சுகாதார நிலையத்திலும் செய்ய முடிவதால்தான் ஏழை நாடுகளிலும் இந்த முறை பயன்படுகிறது.

3. நகல் அதிகமா, கலப்பு அதிகமா?

இப்போது கொசுவின் வயிற்றுக்குத் திரும்புவோம். இரண்டு ஊர்களை எண்ணிப் பாருங்கள்.

முதல் ஊரில் மலேரியா மிக அதிகம். அங்கே ஒரே ஆளின் ரத்தத்தில் இரண்டு மூன்று வகைக் கிருமிகள் இருப்பது சாதாரணம். அவரைக் கடிக்கும் கொசு எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்கிறது. அதன் வயிற்றில் அவை கலக்கின்றன. இரண்டு நோட்டுகளின் பக்கங்களைப் பிரித்துக் கலைத்துப் புதிய நோட்டாகத் தைத்தது போல, புதிய பார்கோடு பிறக்கிறது. அந்த ஊரில் நோயாளிக்கு நோயாளி பார்கோடு வேறுபடும்.

இரண்டாவது ஊரில் மலேரியா குறைவு. நோயாளியின் உடலில் ஒரே வகைக் கிருமிதான் இருக்கிறது. கொசுவின் வயிற்றில் அது தன்னோடு தானே இணைகிறது. பிறக்கும் தலைமுறையும் அதே பார்கோடு. கடித்தவர்க்கெல்லாம் அதே பார்கோடு போகிறது. பத்துப் பேரைச் சோதித்தால் நான்கைந்து பேரிடம் அச்சு மாறாத ஒரே கிருமி கிடைக்கும்.

ஆகவே ஓர் ஊரில் ஒரே மாதிரிப் பார்கோடுகள் கூடினால், அங்கே மலேரியாப் பரவல் குறைந்துவருகிறது என்று பொருள். பார்கோடுகள் மீண்டும் பல விதமாகச் சிதறினால், பரவல் மறுபடியும் ஏறுகிறது என்று எச்சரிக்கை. ஒரே நோயாளியின் மாதிரியில் ஒரே இடத்தில் இரண்டு எழுத்துகள் கிடைத்தால் அவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கிருமிகள் தொற்றியிருக்கின்றன. அதுவும் பரவல் அதிகம் என்பதற்கு ஓர் அடையாளம்.

4. தியேஸ் நகரம் சொன்ன பாடம்

மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் என்னும் நாடு. மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். தலைநகர் டக்காருக்குக் கிழக்கே தியேஸ் என்ற நகரம் இருக்கிறது. அங்கே 2006 முதல் 2013 வரை நோயாளிகளிடமிருந்து எடுத்த 1,007 பால்சிபாரம் மாதிரிகளை செனகல் நாட்டு மருத்துவர்களும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து சோதித்தார்கள். பயன்படுத்தியது மேலே சொன்ன 24 எழுத்துப் பார்கோடு. ஆய்வு 2015-ல் வெளியானது.

முடிவு வியப்பூட்டியது. சுமார் 35 சதவீத மாதிரிகள் ஒன்றோடொன்று அச்சு மாறாத கூட்டங்களாகப் பிரிந்தன. சில கூட்டங்கள் ஓராண்டு மட்டும் தென்பட்டன. சில, ஆண்டு தாண்டியும் தொடர்ந்தன. 164 கிருமிகளின் முழு மரபணுவையும் வாசித்தபோது, குறைந்தது இரண்டு இடங்களில் 'பெற்றோர்' கிருமிகளையும் அவை கலந்து பிறந்த முதல் தலைமுறைப் 'பிள்ளை'க் கிருமியையும் அடையாளம் காண முடிந்தது. ஒரு நகரத்துக் கிருமிகளின் குடும்ப வரலாற்றையே எழுதிவிட்டார்கள் என்று சொல்லலாம்.

பார்கோடுகளை வைத்துக் கணக்கிட்டபோது 2006 முதல் 2010 வரை பரவல் குறைந்ததும், 2012, 2013 ஆண்டுகளில் அது மீண்டும் ஏறியதும் தெரிந்தது. பிறகு சுகாதாரத் துறையின் நோயாளி எண்ணிக்கையோடு ஒப்பிட்டார்கள். அதுவும் அதையே காட்டியது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். ஒன்று, நோயாளிகளின் எண்ணிக்கை காட்டும் ஏற்ற இறக்கத்தைக் கிருமியும் தன் உடம்பில் பதிவு செய்கிறது. பரிசோதனைக்கு வராதவர்கள் அதிகமுள்ள ஊரில் எண்ணிக்கை ஏமாற்றலாம். அங்கே இந்த இரண்டாவது சாட்சி பெரிய உதவி. மற்றொன்று, குறைந்த மலேரியா இரண்டே ஆண்டுகளில் திரும்பிவந்தது. "இப்போதெல்லாம் மலேரியா எங்கே இருக்கிறது" என்று சொல்லிக் கொசுவலையை மடித்து வைப்பவர்கள் தியேஸை நினைத்துக்கொள்ள வேண்டும்.

5. ஒரு துறைமுக நகரில் ஒரே குடும்பத்துக் கிருமி

தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டின் பசிபிக் கடற்கரையில் எஸ்மரால்டாஸ் என்ற துறைமுக நகரம் உள்ளது. மலேரியா வெகுவாகக் குறைந்திருந்த காலத்தில், 2012, 2013 ஆண்டுகளில் அங்கே திடீரென்று பால்சிபாரம் காய்ச்சல் பரவியது. துறைமுகம் என்றால் நாலாபக்கத்து ஆட்களும் வருவார்கள். பல பேர் பல ஊர்களிலிருந்து கொண்டுவந்திருப்பார்கள் என்று நினைப்பது இயல்பு.

அப்படி நடந்திருந்தால் பல விதக் கிருமிகள் கிடைத்திருக்க வேண்டும். சோதித்தபோது கிடைத்ததோ பெரும்பாலும் ஒரே குடும்பத்து நகல்கள். அந்தக் குடும்பமும் புதியதில்லை. ஈக்வடாரிலும் அண்டை நாடுகளான பெருவிலும் கொலம்பியாவிலும் முன்பே பதிவான வகையோடு ஒத்திருந்தது. அந்த வட்டாரத்தில் அடங்கிக்கிடந்த ஒரே வகைதான் வாய்ப்புக் கிடைத்ததும் வேகமாகப் பெருகியிருக்கிறது. பலர் மேல் சந்தேகப்படத் தேவையில்லை, உள்ளூர்ப் பரவலை நிறுத்த வேண்டும் என்று ரத்தத் துளியே சொல்லிவிட்டது.

6. நகரத்துக்குக் குடிவந்த கொசு

ஆப்பிரிக்காவில் மலேரியா பெரும்பாலும் கிராமத்து நோயாகவே இருந்துவந்தது. அங்குள்ள அனாபிலஸ் கொசுக்களில் பல, மழைநீர்க் குட்டைகளை விரும்புபவை. நம் நகரங்களில் இருப்பது வேறு கொசு. அதன் பெயர் அனாபிலஸ் ஸ்டீபன்சி. மாடித் தொட்டி, கிணறு, தரைக்கடித் தொட்டி, கட்டட வேலைக்காகத் தேக்கி வைத்த நீர் ஆகிய இடங்களில் முட்டையிடும். இதற்கு மழைக்காலம் வேண்டுமென்பதில்லை. நாம் தண்ணீர் பிடித்து வைத்தாலே போதும்.

தெற்காசியாவுக்கும் அரபு வட்டாரத்துக்கும் உரிய இந்தக் கொசு 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி நகரில் கண்டறியப்பட்டது. அந்த ஆண்டு ஜிபூட்டி நாட்டில் பதிவான மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020-ல் அது 73,000-ஐத் தாண்டியது. வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம். ஆனாலும் இந்தக் கொசுவின் பங்கை உலக சுகாதார நிறுவனம் தீவிரமாக எடுத்துக்கொண்டு எச்சரித்தது.

ஜிபூட்டியிலிருந்து வரும் ரயில் பாதையில் எத்தியோப்பியாவின் டிரே டாவா நகரம் இருக்கிறது. 2022-ல் அங்கே மழையில்லாத காலத்திலேயே மலேரியா வெடித்தது. ஆய்வுக் குழு நோயாளிகளின் வீடுகளையும் சுற்றுப்புறத்தையும் நோயில்லாதவர்களின் வீடுகளோடு ஒப்பிட்டது. பிடிபட்ட அனாபிலஸ் கொசுக்களில் மிகப் பெரும்பாலானவை ஸ்டீபன்சி. அந்தக் கொசு இருந்த வீடுகளின் அருகில்தான் தொற்றும் அதிகம்.

அதே ஆய்வில் கிருமியின் மரபணு மேலும் இரண்டு கெட்ட செய்திகளைச் சொன்னது. ஒன்று, ஆர்ட்டிமிசினின் மருந்தின் வேகத்தைக் குறைக்கும் மாற்றம் அந்தக் கிருமிகளில் இருந்தது. இன்னொன்று, விரலில் குத்தி ஒரு துளி ரத்தத்தில் பார்க்கும் உடனடிச் சோதனைப் பட்டைக்கு அவை பிடிபடாமல் தப்பும் நிலையில் இருந்தன. பல பட்டைகள் பால்சிபாரம் வெளியிடும் ஒரு புரதத்தைத்தான் தேடுகின்றன. அந்தப் புரதத்துக்குரிய மரபணுவே கிருமியில் இல்லாமல் போனால், நோய் இருந்தும் பட்டை "இல்லை" என்று காட்டிவிடும். இப்படிப்பட்ட கிருமி முதலில் பெரு நாட்டின் அமேசான் பகுதியில் கண்டறியப்பட்டு 2010-ல் அறிவிக்கப்பட்டது.

7. நமக்கு இது எவ்வளவு நெருக்கம்?

மிகவும் நெருக்கம். ஸ்டீபன்சி கொசு சென்னைக்குப் பழைய குடியிருப்பாளர். தமிழ்நாட்டு மலேரியா நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் சென்னை நகரத்தவராகவே இருந்த காலம் உண்டு. இலங்கை 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. அதற்குப் பின் சில மாதங்களுக்குள் மன்னாரில் இதே கொசு கண்டுபிடிக்கப்பட்டதும் அந்நாட்டு அதிகாரிகள் விழித்துக்கொண்டார்கள்.

சென்னையில் அதிகம் காணப்படுவது வைவாக்ஸ். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வைவாக்ஸ் கிருமியில் ஒரு பகுதி கல்லீரலில் உறங்கிக் கிடந்து, வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து எழுந்து வரும். புதிய கொசுக்கடி இல்லாமலேயே மறுபடி காய்ச்சல் வரும். ஆகவே வைவாக்ஸ் நோயாளியின் பார்கோடு இன்று கடித்த கொசுவைச் சொல்கிறதா, போன வருடத்துக் கொசுவைச் சொல்கிறதா என்று பிரித்தறிவது கடினம். பால்சிபாரத்தில் எளிதாகத் தோன்றும் கணக்கு இங்கே கவனத்தோடு போடப்பட வேண்டும்.

8. இந்த முறையால் முடியாதவை

மரபணு எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நினைக்கக் கூடாது.

• இரண்டு பேரிடம் ஒரே பார்கோடு இருந்தால் தொடர்பு உண்டு என்று தெரியும். யார் யாருக்குக் கொடுத்தது என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒருவர் மேல் பழி சொல்ல இது ஆயுதமாகாது.

• காய்ச்சல் இல்லாமலேயே கிருமியைச் சுமப்பவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. அவர்களின் கிருமி கணக்கில் சேராமல் போகலாம்.

• நோயாளி எங்கெங்கே போய்வந்தார், எங்கே தூங்கினார், அக்கம்பக்கத்தில் எந்தக் கொசு இருக்கிறது என்ற விவரங்கள் இல்லாமல் பார்கோடு அரைச் செய்திதான்.

இன்னொரு சந்தேகமும் சிலருக்கு வரும்: "ரத்தம் எடுத்து நம் மரபணுவைப் பார்ப்பார்களா?" இந்தச் சோதனையில் தேடுவது கிருமியின் மரபணுவை. ஆராய்ச்சிக்காக ரத்தம் கேட்டால் எதற்கு என்று விளக்கி, சம்மதம் பெற்றுத்தான் எடுக்க வேண்டும். கேள்வி கேட்பது உங்கள் உரிமை.

9. நம் வீட்டில் செய்ய வேண்டியவை

1. குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அரசு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசம்.

2. பட்டைச் சோதனையில் "இல்லை" என்று வந்தும் காய்ச்சல் விடவில்லையென்றால் கண்ணாடித் தகட்டில் ரத்தம் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

3. கடந்த மாதங்களில் போய்வந்த ஊர்களை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளையின் காய்ச்சலைச் "சாதாரணச் சூடு" என்று உம்மாமார்கள் கஷாயத்தோடு விட்டுவிட வேண்டாம். பால்சிபாரம் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம்.

4. வைவாக்ஸ் என்று தெரிந்தால் பிரைமாகுயின் மாத்திரை 14 நாள் தருவார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். அதோடு நிறுத்திவிட்டால் கல்லீரலில் உறங்கும் கிருமி பிழைத்துக்கொள்ளும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இந்த மாத்திரை கொடுப்பதில்லை. ஜி-6-பி-டி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இது தீங்கு செய்யலாம். அதனால் மருத்துவர் சொல்லாமல் வாங்கவே கூடாது.

5. மாடித் தொட்டி மூடியில் விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தாலும் கொசு நுழையும். வாரம் ஒருமுறை ஏறிப் பாருங்கள். கிணற்றுக்கு வலை போடுங்கள், அல்லது மாநகராட்சியிடம் கேட்டுக் கம்பூசியா மீன் விடுங்கள். தண்ணீர் நாள்கணக்கில் தேங்கி நிற்கும் பள்ளிவாசல் ஹவுளையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. இந்தக் கொசு மாலை மங்கியபின் கடிக்கும். கொசுவலைக்குள் தூங்குவது இன்றும் நல்ல பாதுகாப்பு.

7. நம் தெருவில் தங்கியிருக்கும் வெளியூர்த் தொழிலாளிக்குக் காய்ச்சல் என்றால் விலக்கி வைக்காமல் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். விரட்டப்படுவோம் என்று பயந்து அவர் நோயை மறைத்தால், அவரைக் கடிக்கும் கொசு அடுத்து நம் பிள்ளையைக் கடிக்கும். அவருக்கு நாளோடு மருந்து கிடைத்தால் அவரும் நலம் பெறுவார், தெருவும் தப்பும்.

தியேஸிலும் எஸ்மரால்டாஸிலும் டிரே டாவாவிலும் ஊகம் விட்ட இடத்தை ஒரு ரத்தத் துளி நிரப்பியது. நம் தெருவிலும் அடுத்த முறை "யார் கொண்டுவந்தார்கள்" என்ற பேச்சு எழும்போது, முதலில் மாடி ஏறித் தொட்டியைத் திறந்து பார்ப்போம்.

குடும்பத்தோடு பேசிப் பார்க்க

1. மலேரியாக் கிருமியில் நகல் எங்கே நடக்கிறது? கலப்பு எங்கே நடக்கிறது?

2. ஓர் ஊரில் எல்லோரிடமும் ஒரே பார்கோடு கிடைத்தால் அது எதைக் காட்டுகிறது?

3. தியேஸில் குறைந்த மலேரியா திரும்பியதிலிருந்து நம் வீடு கற்க வேண்டியது என்ன?

4. வைவாக்ஸ் நோயாளி மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்?

5. நம் வீட்டில் மூடாத தண்ணீர் எங்கெங்கே இருக்கிறது? இன்றே பிள்ளைகளைக் கொண்டு ஒரு பட்டியல் எழுதுங்கள்.